பெயர் வெட்டிய பாத்திரங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பங்காளிகள் பூட்டி வைத்திருந்த ஒரு வீட்டின் முகப்பையும் பட்டாலை என்னும் கூடத்தையும் வாங்கி நாங்கள் சிலர் அருங்காட்சியகம் நடத்துகிறோம். வாங்கி என்றால் விலைக்கு இல்லை, சாவியை வாங்கி. நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். கூட இருப்பவர்களில் ஒருவர் தபால்காரராக இருந்தவர், ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர், இன்னொருவர் அந்த வீட்டுப் பங்காளிகளில் ஊரோடு தங்கிவிட்ட ஒரே ஆள். தொல்லியல் படித்தவர் எங்களில் யாரும் கிடையாது. தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைக்கிறவர்கள் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதி வைத்தால் என் தொண்டைக்கு நல்லது.

முதலில் இந்தப் பகுதியில் சாமான் எப்படிச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடு ஒரு குடும்பத்துக்காகக் கட்டியதல்ல. வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிப் பூட்டு. கல்யாணமானால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. செட்டியார்களின் பொதுவான நகரக் கோயிலுக்கு வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான். பெண் வீட்டிலிருந்து வந்த சாமான் அந்தப் புள்ளியின் அறைக்குள் போய் அடுக்கப்படும். வெண்கலக் கும்பா, பித்தளைத் தவலை, ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் தூக்கு, மங்கு என்கிற பீங்கான் சாமான், மரத்தில் கடைந்த மரவை, ஓலையில் முடைந்த கொட்டான், தடுக்குப் பாய். எல்லாம் டஜன் டஜனாக. பிறகு தலைமுறைகள் பிரிந்து சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். ஒரே வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர்கள் இருப்பது இங்கே சாதாரணம். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும், எல்லாரும் பணம் போட்டால்தான் பழுது பார்க்க முடியும். இரண்டுமே நடக்காது. ஓடு சரிந்து தண்ணீர் இறங்கிய பிறகு ஒருநாள் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அன்றைக்கு வீடு பிரிக்கப்படும். பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, சட்டத்தோடு ரவிவர்மா படம் என்று தனித்தனியாக லாரி ஏறும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அவற்றைப் பார்க்கலாம், விலை பேசலாம். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் பெயர் ஏறியதால் எந்த வீட்டு ஓடும் தானாகச் சரியாகிவிடவில்லை.

ஆக, பொருளுக்குப் பஞ்சமே இல்லை. நாங்கள் கதவைத் திறந்ததும் ஊரே கொண்டுவந்து கொட்டியது. அப்போதுதான் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பழைய சாமான் கடையில் இருக்கும் கும்பாவும் எங்கள் அலமாரியில் இருக்கும் கும்பாவும் ஒரே கும்பாதான். அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும், அதை எங்கே எழுதி வைத்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். எழுதாவிட்டால் நாமும் ஒரு கடை. விற்காத கடை.

அதனால் கட்டடம், கண்ணாடி அலமாரி, பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடித்த பதிவேடு வாங்குங்கள். தைத்த புத்தகமாக, பக்க எண் அச்சிட்டதாக இருக்கட்டும். தாள் பிரித்தெடுக்கிற கோப்பு வேண்டாம். வரிசை எண், தேதி, பொருள், அளவு, எதனால் செய்தது, யார் கொடுத்தது, தானமா இரவலா, எங்கே வைத்திருக்கிறது. இவையெல்லாம் எந்த அருங்காட்சியகத்துக்கும் பொது. நாங்கள் இன்னும் ஒரு பத்தி சேர்த்தோம்: இதைக் கடைசியாகக் கையில் எடுத்துப் பயன்படுத்தியது யார், எதற்கு, எப்போது? "இது எவ்வளவு பழசு?" என்று கேட்டால் எல்லாரும் "இருநூறு வருஷம்" என்பார்கள். ஊரில் எல்லாமே இருநூறு வருஷம்தான். கடைசியாக யார் தொட்டது என்று கேட்டால் யோசித்து உண்மையைச் சொல்வார்கள். "எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் இதுலதான் எண்ணெய் வாங்கும்" என்று வரும். கடைக்காரர் யார், எண்ணெய் என்ன எண்ணெய், செக்கு எங்கே இருந்தது என்று பேச்சு தானாக நீளும். பொருளை வாங்கி வைக்கும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுவாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கொண்டுவந்தவர் ஊருக்குப் போயிருப்பார்.

பாத்திரங்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். சிறிய உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. இங்கே பெரும்பாலும் குடும்ப விலாசம் இருக்கும்: தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்து, அப்புறம் பெயர். சிலதில் தேதி, சிலதில் "சீர்" என்று ஒரு சொல், சிலதில் ஒரு பெயரை அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயர். அந்த மாற்றிய பெயரில் ஒரு பாகப்பிரிவினை இருக்கும், அல்லது ஒரு அடகு. எங்களிடம் ஒரு கூஜா இருக்கிறது. மூடியில் ஒரு விலாசம், உடம்பில் வேறு விலாசம், அடியில் தராசுக் கடைக்காரர் எடையைக் கீறியிருக்கிறார். மூன்றையும் பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் பென்சில் பதிவும் ஒட்டியிருக்கிறோம். மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும். போட்டோ எடுப்பதானால் விளக்கை நேராகப் பிடிக்கக் கூடாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்துபோன எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். இது ஸ்டுடியோக்காரர் கற்றுக்கொடுத்தது.

அதனாலேயே, யார் நல்லெண்ணத்தோடு வந்து "நான் விளக்கித் தர்றேன்" என்றாலும் புளியைக் கையில் கொடுக்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டு விளக்கினால் பளபளப்பு வரும், எழுத்து போகும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் கரைகிறது. தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். எங்கள் பாத்திரங்கள் மங்கலாகத்தான் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் "கொஞ்சம் துலக்கி வைக்கக் கூடாதா சார்?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

பதிவேட்டின் அருமை எங்களுக்கு ஒரு படப்பிடிப்பில் புரிந்தது. இந்தப் பக்கம் சினிமா, சீரியல் என்று வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு குழு சில பாத்திரங்களை இரவல் கேட்டது. எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தோம். திரும்பி வந்தபோது எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆனால் ஒரு தூக்குச் சட்டி எங்களுடையதில்லை. அதே உயரம், அதே வாய், விலாசம் மட்டும் இல்லை. பொறுப்பாளர் "இதேதான் சார்" என்று சாதித்தார். பதிவேட்டைத் திறந்து பென்சில் பதிவைக் காட்டியதும் பேச்சு நின்றது. மறுநாள் சரியான சட்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அசல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. படப்பிடிப்புக்கு என்று பெயர் வெட்டாத சில சாமான்களை இரண்டாங்கட்டில் தனியாக வைத்திருக்கிறோம். அதில் வரும் வாடகை கரண்டுக் கட்டணத்துக்குச் சரியாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்கேடுகள்தான், அது தொழில் பாசம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊர் ஆண்கள் பாதிப் பேர் பர்மாவில், செட்டியார்களின் வட்டிக்கடைகளில் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு பழகி, அடுத்தாள், மேலாள் என்று உயர்ந்து, மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். ரங்கோனில் மொகல் தெருவில் வரிசையாகக் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கிகள். 1930-களின் நெல் விலைச் சரிவில் கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். வேண்டி வாங்கிய நிலமில்லை என்று இங்கே சொல்வார்கள். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. இதையும் எங்கள் சுவரில் எழுதியிருக்கிறோம். நன்கொடை கொடுத்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

எங்களிடம் இருக்கும் ஒரு வீட்டுப் பேரேட்டில் ரங்கோன் வரவு என்று தனிப் பக்கம். மேலே பிள்ளையார் சுழி, தேதிக்குத் தமிழ் வருஷம், தொகைக்குத் தமிழ் எண்கள். மாதத்துக்கு ஒரு வரியாக வந்துகொண்டே இருக்கிறது. விஷு வருஷம் கார்த்திகை வரை வரவு இருக்கிறது. அதற்குக் கீழே பக்கம் வெற்று. விஷு என்பது 1941 ஏப்ரலில் தொடங்கிய வருஷம். அந்த மார்கழியில், 1941 டிசம்பர் 23-ஆம் தேதி, ஜப்பான்காரன் ரங்கோனில் முதல் குண்டு போட்டான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் உலகப் போரைப் பாடப்புத்தகத்தில் நடத்தும்போது கொட்டாவி விடுவார்கள். இந்தப் பக்கத்தைக் காட்டி, "அடுத்த மாசம் ஏன் பணம் வரலை?" என்று கேட்டால் பேச ஆரம்பிக்கிறார்கள்.

தமிழ் வருஷத்தை வைத்துத் தேதி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். பார்த்திப என்றால் 1885-ஆகவும் இருக்கலாம், 1945-ஆகவும் இருக்கலாம். காகிதத்தின் நீர்க்குறி, ஒட்டிய தபால் தலை, முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது, தொகை அணா பைசாவிலா நயா பைசாவிலா என்று இன்னொரு சாட்சி வேண்டும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது; அதற்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா. படிக்கத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே தமிழ் எண்களையும் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளையும் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் உள்ள வடிவமும் கணக்குப்பிள்ளை கையெழுத்தும் ஒன்றாக இருக்காது.

சரி, பெரிய வீட்டுச் சாமான் மட்டும் சேர்ந்தால் அது பெரிய வீட்டு அருங்காட்சியகம். ஊர் அருங்காட்சியகம் ஆகாது. எங்களுக்கு இதைப் புரியவைத்தது ஒரு வேட்டி. பழைய ட்ரங்குப் பெட்டி ஒன்றில் மடித்திருந்த வேட்டிகளில் ஒன்றின் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் குறி: இரண்டு கோடு, ஒரு புள்ளி. வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. தபால்காரர்தான் ஒரு வயதான சலவைக்கார அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மா வேட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இந்த வீட்டு உருப்படி இல்லீங்களே. தெக்குத் தெரு மூணாவது வீடு. மாத்திக் குடுத்துட்டாங்க போல" என்றார். சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி துவைத்தாலும் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி; எழுத்துத் தேவையில்லாத ஒரு முழு முகவரிப் புத்தகம் அந்த அம்மா தலைக்குள் இருந்தது. ஒரு நோட்டில் அவர் சொல்லச் சொல்லக் குறிகளை வரைந்து, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று எழுதிக்கொண்டோம். அந்த வீடுகளில் பாதி இன்று இல்லை. அந்த நோட்டு எங்கள் பதிவேட்டில் தனி எண்ணோடு இருக்கிறது, கொடுத்தவர் இடத்தில் அந்த அம்மாவின் பெயரோடு.

அதன் பிறகு தேடிப் போக ஆரம்பித்தோம். தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் ஒருவர் தன் அப்பா காலத்துப் பித்தளை அச்சு ஒன்றைக் கொடுத்தார், ஒரு மூலை வளைந்தது. கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த கலவை தூவி, பிறகு சாந்து போட்டுச் சட்டத்தை எடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். கல்லின் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. செய்து காட்டியதைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறோம். கொட்டான் முடையும் பெண்கள், தச்சர், விசேஷ வீட்டுச் சமையல்காரர், கண்டாங்கிச் சேலை நெய்தவர் என்று பட்டியல் நீண்டது. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் உட்கார ஆள் கிடைப்பது வேறு கதை.

வயதானவர்களிடம் பேச்சைப் பதிவு செய்வது பற்றி. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று போனைக் கண்ணெதிரே நீட்டினால் வாய் திறக்காது, அல்லது மேடைப் பேச்சு வரும். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக உட்காரவையுங்கள், ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். எங்கள் பதிவில் ஒன்று இப்படி ஆரம்பிக்கிறது:

"இது பால் பணியாரத்துக்கு வச்சிருந்த சட்டி."

"நல்லா இருக்கே ஆச்சி! பால் பணியாரத்துக்கு யாரு இம்புட்டுப் பெரிய சட்டி எடுப்பா? இது கவுனரிசி வேகவைக்கிறது. ஒங்க மகன் கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு, திரும்பி வரவே இல்லை."

பிறகு ஒரு மணி நேரம் இருவரையும் நிறுத்த முடியவில்லை. பர்மாவிலிருந்து வந்த கறுப்புக் கவுனி அரிசி, விசேஷத்துக்கு யார் வீட்டிலிருந்து எது இரவல் போகும், சமையலுக்கு யார் வருவார்கள், பந்தியில் எந்த வரிசையில் பரிமாறுவது எல்லாம் வந்தது. சட்டி யாருடையது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை; பதிவேட்டில் இரண்டு பெயரும் இருக்கிறது. நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தம் பதிவில் பேச்சை விழுங்கிவிடும். முதலில் பேசுகிறவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரலில் அது இருக்கும்.

போட்டோக்களை அசலாக வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் பத்துப் போட்டோ வரும். படத்தில் யார் யார் என்பதை ஒரு நகலில் எண் போட்டு எழுதி வாங்குங்கள். அசலின் பின்னால் எழுதியே ஆகவேண்டும் என்றால் மெத்தென்ற பென்சிலில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

எதைச் சேர்ப்பது என்பதில் எங்களுக்கு முன்னோடி பக்கத்து ஊரிலேயே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இரண்டு வருஷத்தில் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. அது சென்னைக்குப் போனதால்தான் பிழைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோட்டையூரிலேயே இருந்திருக்கலாமே என்ற ஏக்கமும் உண்டு. இன்றைக்கு நாங்கள் கடைத் துண்டுச் சீட்டு, திருவிழா நோட்டீஸ், ரேஷன் கார்டு, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வரை எடுத்து வைக்கிறோம். இடம்தான் போதவில்லை.

எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகள் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை ஒரு முழுநாள் பார்க்க வேண்டும். 1910-இல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது. நாங்கள் அங்கே பொருளைவிட, பொருளில் எண் எங்கே எழுதியிருக்கிறார்கள், கனமானதை எப்படித் தாங்கு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் பார்த்தோம். எங்கள் பக்கத்து வீடுகளில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும் அம்மன் காசும் அந்தச் சமஸ்தானத்துடையதே. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த சின்னச் செப்புக்காசு. பாதுகாக்கும் முறைகளைப் பற்றிக் கேட்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. ஓலைச்சுவடி வந்தால் நீங்களாக எண்ணெய் தடவிப் பார்க்காமல், சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அதுவரை சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மரப்பலகைகளுக்கு நடுவில் கட்டி வைத்தால் கெடாது.

காகிதத்துக்கு எதிரி மூன்று: கரையான், ராமபாணம், நம்முடைய அக்கறை. கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டுவது, லேமினேட் செய்வது, ஃபெவிகால் தடவுவது எல்லாம் அக்கறையில் செய்வதுதான். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும், ஒரு உறைக்குள் போடுங்கள். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாக மண் கோடு இழுத்துத்தான் வரும். இடைவெளி இருந்தால் கண்ணில் படும். மாதம் ஒருநாள் டார்ச்சோடு சுற்றி வருவது தபால்காரர் பொறுப்பு, அவர் விடுவதே இல்லை. வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுகிறோம், அது பாட்டிமார் வழக்கம். பூச்சியை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்க்கவில்லை. டார்ச்சுக்குப் பதிலாக அதை நம்பவும் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள்; கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம். சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் அது வேறு: 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்மாய் வெட்டும்போது கிடைத்தது என்று ஒரு பையன் சாக்கில் சுற்றிச் சின்ன அம்மன் விக்கிரகத்தைத் தூக்கி வந்தான். உள்ளே வாங்கவே இல்லை. வாசலிலேயே உட்காரவைத்து வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு, அவர் வந்து எழுதி எடுத்துப் போகும் வரை டீ வாங்கிக் கொடுத்தோம். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சிலை விஷயத்தில் "அப்புறம் சொல்லிக்கலாம்" என்பதற்கே இடம் கிடையாது.

பிள்ளைகள் வந்தால் தொடக்கூடாது, தொடக்கூடாது என்று விரட்டாமல், தொடுவதற்கென்று ஒரு மேஜை போடுங்கள். எங்கள் மேஜையில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால், ஒரு குத்து நெல். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். வாய்ப்பாடு கணக்கில் சரியாக வரும், அளந்தால் வராது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்ப் படி. ஏன் வரவில்லை என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். தராசையும் அளவையும் அரசாங்கம் ஏன் ஒன்றாக்கியது என்பதை அதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியதில்லை.

கொடுப்பவர்களிடம் தாள் எழுதி வாங்கும்போது தானமா, பார்வைக்கு ஒப்படைத்ததா என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். பங்காளிச் சொத்து என்றால் ஒருவர் கையெழுத்து போதாது. "அண்ணன் சொன்னாப்ல நான் கொடுத்தேன்" என்று தம்பி சொல்வார், அண்ணன் மகன் மலேசியாவிலிருந்து போன் போடுவார். திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். பொருள் போனாலும் பதிவேட்டில் படமும் பேச்சும் நிற்கும், அதையும் சேர்த்துத் தானே தாளில் எழுதி வாங்குகிறோம். அப்படித் திருப்பிக் கொடுத்ததில் சில வீடுகள் மறுபடி பழக்கமாகி வேறு சாமான் தந்திருக்கின்றன. பதிவேட்டின் நகல் ஒன்று பள்ளி நூலகத்தில், ஒன்று ஸ்டுடியோக்காரர் வீட்டில், ஒன்று கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டரில் ஏற்றியது என் பழைய மாணவி ஒருத்தி. எங்கள் நால்வருக்கும் வயதாகிறது, அவளை எப்படியாவது உள்ளே இழுத்துவிடப் பார்க்கிறோம்.

இப்போதைக்குக் கவலை ஓடுதான். பட்டாலைக்கு மேலே மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கீழே இருந்த அலமாரிகளை நகர்த்தியாகிவிட்டது. நாட்டு ஓடு பழைய வீடுகளைப் பிரிக்கிற இடத்தில் கிடைக்கிறது, மாற்றத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பாடு. தேவகோட்டைப் பக்கம் ஒருவர் இருக்கிறார், புரட்டாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.